நடுவயதின் இன்பமும் இடரும்

இளமையைப் பாராட்டாத புலவர் இல்லை. முதுமையை எண்ணி இரங்காத சான்றோரும் இல்லை. ஆயின், இவ்விரண்டிற்கும் நடுவே, நாற்பது முதல் அறுபது வரை நீண்டு கிடக்கும் நடுவயதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்த நம் முன்னோர், பேதை என்று தொடங்கிப் பேரிளம்பெண் என்று முடித்தனர். பேரிளம்பெண்ணுக்குப் பாட்டியல் இலக்கணம் கூறும் எல்லை 40 வயது. அதற்கு அப்பால் உள்ள ஆண்டுகளுக்கு அந்த வரிசையில் பெயரே இல்லை!

நான் அந்தப் பெயரில்லாத நாட்டிற்குள் புகுந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கு நான் பட்ட சில இடர்களையும் பெற்ற சில இன்பங்களையும் மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 'பதினாறு வயதில் எங்களுக்கு இது எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் செல்லப்போகும் ஊரைப் பற்றி முன்னரே அறிந்துகொள்வது நன்றன்றோ? அன்றியும், உங்களைப் பெற்ற தாயும் தந்தையும் இப்போது பெரும்பாலும் அந்த நாட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

என் சொந்த ஊர் பசுவந்தனை. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, கரிசல் காட்டின் நடுவே, கைலாசநாதர் கோயிலைச் சுற்றி அமைந்த ஊர். ஆசிரியர் பணி என்னை வெளியூரில் நிறுத்தியிருந்தாலும், ஆண்டுக்கு இருமுறையேனும் அத்தை வீட்டிற்குச் செல்வது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத் தொடக்கத்தில் அவ்வாறு சென்றிருந்தேன். அத்தை திண்ணையில் அமர்ந்து, கிழிந்த தலையணை உறையொன்றைத் தைக்க முயன்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா, மருமகனே! நல்ல நேரத்தில் வந்தாய். இந்த ஊசியில் கொஞ்சம் நூல் கோத்துக் கொடு" என்றார்.

நானும் ஊசியை வாங்கினேன். அருகே பிடித்தால் ஊசியின் காது மறைந்தது. தொலைவில் பிடித்தால் காது தெரிந்தது, ஆனால் கை எட்டவில்லை. நூலின் நுனியை நாவில் நனைத்து மும்முறை முயன்றேன். மும்முறையும் நூல் ஊசிக்குப் பக்கத்தில் இருந்த காற்றில்தான் நுழைந்தது. அத்தையின் பேத்தி ஏழாம் வகுப்பில் படிப்பவள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொடுங்கள், மாமா" என்று வாங்கி ஒரே நொடியில் கோத்துவிட்டாள். அத்தைக்கும் எனக்கும் இருபத்தைந்து ஆண்டு வயது வேறுபாடு உண்டு. அன்று அந்த ஊசிக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே வயதினர் ஆனோம்.

இந்தக் குறைக்கு வெள்ளெழுத்து என்பது பெயர். சாளேசுரம் என்றும் நம் நாட்டார் சொல்லுவர். அச்சொல், வடநாட்டு மொழிகளில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்பதிலிருந்து வந்தது என்பர். நாற்பது வயதைத் தொட்டதும் வருவதால் வயதே நோயின் பெயர் ஆயிற்று போலும்!

உண்மையில் இது நோயன்று. நாற்பதில் தொடங்குவதும் அன்று. நம் கண்ணுக்குள்ளே பளிங்கு போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. அருகில் உள்ள பொருளைக் காணும்போது அது தடித்துக் குவிகிறது. தொலைவில் உள்ளதைக் காணும்போது தட்டையாகிறது. இளமையில் மெத்தென்று இருக்கும் இவ்வில்லை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இறுகி வருகிறது. பத்து வயதுச் சிறுவன் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அருகில் வைத்த எழுத்தையும் தெளிவாகக் காண்பான். இருபது வயதில் அந்த எல்லை 10 சென்டிமீட்டர், நாற்பதில் 22, ஐம்பதில் 40, அறுபதில் ஏறத்தாழ ஒரு மீட்டர். ஆகவே, இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் கண்ணிலும் இந்த மாற்றம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புத்தகத்தைப் பிடிக்கும் கையின் நீளத்தை அது தாண்டும் நாளில்தான் நாம் அதை உணர்கிறோம். 'என் கண்ணில் குறையில்லை. என் கைதான் நீளம் போதவில்லை' என்று நடுவயதினர் வேடிக்கையாகச் சொல்லுவதன் பொருள் இதுவே.

வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் இதே குறையால் நான் இழைத்த பிழை ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தைந்தாம் வயதில் எழுத்து மங்கத் தொடங்கியபோது நான் மூக்குக்கண்ணாடி வாங்கவில்லை. கண்ணாடி அணிந்தால் 'வயதாகிவிட்டது' என்று பிறர் சொல்லுவரே என்ற வீண் எண்ணம். வெளிச்சம் போதாது என்றேன். அச்சு சரியில்லை என்றேன். இப்படியே ஓராண்டு கழிந்தது. அந்த ஆண்டின் அரையாண்டுத் தேர்வில், விடைத்தாளில் நானே இட்ட மதிப்பெண்களைப் பதிவேட்டில் எழுதும்போது, பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் பெற்ற 88-ஐ 33 என்று படித்து எழுதிவிட்டேன்.

35 பெற்றால்தான் தேர்ச்சி. 'தமிழிலேயே தேறாதவனுக்கு மேற்படிப்பு எதற்கு?' என்று கேட்ட தந்தை, அவனைத் தீப்பெட்டி ஆலை வேலைக்கு அனுப்பிவிட எண்ணினாராம். நான்கு நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் விடைத்தாளோடு என் முன் வந்து நின்றான். சினமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. "ஐயா, இது மூன்றா, எட்டா? எனக்குத் தெரியவில்லை" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவன் நான்தான்.

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்று, அவன் தந்தையிடம், "தவறு பையனுடையதன்று, என்னுடையது" என்று சொன்னேன். மறுநாள் கண்ணாடி வாங்கினேன். வயது ஏறுவதால் வரும் குறை எவரையும் இழிவுபடுத்துவதில்லை. அக்குறையை மறைப்பதுதான் தீங்கு. அத்தீங்கு பெரும்பாலும் நம்மைச் சாராமல் நம்மை நம்பியிருப்பவரைச் சாருகிறது.

குறையை மறைக்காமல் அதற்கு வழி தேடிய ஒருவரை இங்கே நினைவுகூரலாம். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தொலைவுக்கு ஒன்றும் அருகுக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து சலித்துப்போனார். இரண்டு வகை வில்லைகளையும் குறுக்கே பாதியாக வெட்டச் செய்து, மேற்பாதியில் தொலைவுக்குரியதையும் கீழ்ப்பாதியில் அருகுக்குரியதையும் ஒரே சட்டத்தில் பொருத்தச் செய்தார். 1785-ஆம் ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இதனை மகிழ்ச்சியோடு விளக்குகிறார். பிரான்சு நாட்டு விருந்துகளில் தட்டில் உள்ள உணவும் தெரிந்ததாம். எதிரில் பேசுவோர் முகமும் தெரிந்ததாம். வாயசைவைக் காண முடிந்ததால் பிரெஞ்சு மொழியும் முன்னிலும் நன்றாக விளங்கியதாம். இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் முன்னோடி அதுவே.

கண்ணை அடுத்துச் செவி. உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர் போன்ற அமைப்புடைய உயிரணுக்கள் உள்ளன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும் இளஞ்செவி, வயது ஏற ஏற மிக உயர்ந்த ஒலிகளை முதலில் இழக்கிறது. பேச்சு காதில் விழுகிறது. ஆனால் சொற்களின் விளிம்பு தேய்ந்துவிடுகிறது. உங்கள் தந்தை ஒரே கேள்வியை இருமுறை கேட்டால் அது கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். பேரொலி இந்த இழப்பை விரைவுபடுத்தும். செவியில் ஒலிக்கருவியைச் செருகி உரக்கப் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

பிறகு முழங்கால். பேருந்துப் படியில் ஏறும்போது அது தன் இருப்பைத் தெரிவிக்கிறது. உறக்கமும் மாறுகிறது; ஆழ்ந்த உறக்கத்தின் அளவு நடுவயதிலேயே குறைந்துவிடுவதால், தெருவில் நாய் குரைத்தாலும் விழிப்பு வருகிறது. பல்லைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. எங்கள் வட்டாரத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இளமையில் அதை இரண்டு இரண்டாக வாயிலிட்டு நொறுக்கியவன் நான். இப்போது ஒரு துண்டை எடுத்தால், எந்தப் பக்கத்துப் பல்லுக்கு இந்தப் பொறுப்பை ஒப்படைப்பது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இவ்விடர்கள் எல்லாம் வயதின் வேலை அல்ல. வில்லை இறுகுவதை எவராலும் தடுக்க முடியாது. ஆனால் பல் ஆடுவது பெரும்பாலும் ஈறைப் பேணாததன் விளைவு. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது என்பர் மருத்துவர். எனினும், உழைக்கும் உடலில் அந்த இழப்பு மெதுவாகவே நிகழ்கிறது. வயிறு பருப்பதற்கு நாம் சொல்லும் காரணம் 'வயதானால் உடல் உணவை எரிப்பதில்லை' என்பது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று அக்காரணத்தைப் பொய்யாக்கியது. உடலின் அளவைக் கணக்கிற்கொண்டு பார்த்தால், இருபது வயது முதல் அறுபது வயது வரை உடல் செலவிடும் ஆற்றல் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது; அதன் பின்னரே குறைகிறது. ஆகவே என் வயிற்றுக்கு என் வயது பொறுப்பன்று. நாற்காலியும் வடையுமே பொறுப்பு.

இனி இன்பங்களைப் பார்ப்போம். 'இத்தனை இடருக்கும் ஈடாக அங்கே என்ன கிடைக்கிறது?' என்பதுதானே உங்கள் கேள்வி?

மேற்சொன்ன அதே ஐப்பசியில் நடந்ததையே கூறுகிறேன். முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. என் அத்தானுக்கு ஐம்பத்தைந்து வயது. முழங்கால் வலியால் குந்தி உட்கார இயலாதவர். அவர் மகன் கல்லூரிப் படிப்பை முடித்து நிலத்தைக் கவனிக்க வந்தவன். உடனே விதைத்துவிட வேண்டும் என்று துடித்தான். அத்தான் வரப்பில் நின்றபடியே நிலத்தைப் பார்த்தார். "ஈரம் இன்னும் உள்ளே இறங்கவில்லை. ஒரு முழம் தோண்டிப் பாரப்பா" என்றார். அவன் தோண்டினான். ஒரு சாண் வரை கரிய ஈரம். அதற்குக் கீழே உலர்ந்த கட்டி. மேலீரத்தை நம்பி விதைத்தால் விதை முளைத்த பின் வாடிவிடும். காத்திருந்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகே விதைத்தார்கள். குனிந்து தோண்டும் வலிமை மகனிடம் இருந்தது. எங்கே எவ்வளவு தோண்ட வேண்டும் என்ற தெளிவு தந்தையிடம் இருந்தது.

இத்தெளிவு வெறும் நம்பிக்கையன்று. அறிவியலாரும் அளந்து கண்டதே. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று, ஏழாண்டுக்கு ஒருமுறை மக்களின் அறிவுத் திறன்களை அளந்து வந்தது. ஒன்றைக் கண்டவுடன் விரைந்து உணரும் வேகம் இளமையிலேயே உச்சத்தை அடைந்து பின் குறைகிறது. ஆனால் சொல்லாட்சி, சொல் நினைவு, பல செய்திகளிலிருந்து பொதுவுண்மையை ஊகித்தறிதல், இடத்தை மனத்தில் திருப்பிப் பார்த்தல் ஆகிய திறன்கள் நடுவயதிலேயே உச்சத்தை அடைகின்றன என்று அது கண்டது. எனக்கும் இது அனுபவம். தெரிந்தவர் பெயர் நாவின் நுனியில் நின்று வெளிவர மறுக்கிறது. ஆயினும் இருபது வயதில் மனப்பாடம் மட்டும் செய்த செய்யுள், ஐம்பது வயதில் திடீரென்று பொருள் தந்து என்னை நடுவழியில் நிறுத்துகிறது.

இதனினும் பெரிய இன்பம் ஒன்று உண்டு. பிறர் என்ன நினைப்பாரோ என்ற அச்சம் மெல்ல விலகுகிறது. 'எனக்குத் தெரியாது', 'தவறு என்னுடையது' என்னும் இரண்டு வாக்கியங்களை இளமையில் என்னால் சொல்ல முடிந்ததில்லை. இப்போது மாணவர் முன்னிலையிலேயே சொல்லுகிறேன். சொன்ன பின் நெஞ்சு இலேசாகிறது.

எங்கள் கரிசல் நிலத்தின் இயல்பு இங்கே நினைவுக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையே எங்கள் வாழ்வு. மார்கழியோடு மழை பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் பருத்தி வெடிப்பது மழைக்காலத்தில் அன்று; தையிலும் மாசியிலும் பங்குனியிலும்தான். வானம் வறண்ட பின் அந்தச் செடி எதைக் குடித்து வாழ்கிறது? கரிசல் களிமண் மழைநீரைத் தன்னுள் உறிஞ்சிப் பருத்துத் தேக்கி வைத்திருக்கிறது. அந்த ஈரத்தைக் கொண்டே விளைச்சல் நடக்கிறது. நடுவயதும் மழை நின்ற பிறகு வரும் விளைச்சலே. உடலுக்கு ஊற்றாகப் பெய்த இளமை நின்றுவிடுகிறது. உள்ளே இறங்கிய ஈரம் எவ்வளவோ அவ்வளவே பின்னர் விளைகிறது. எலும்பின் உறுதி ஏறத்தாழ முப்பது வயதுக்குள் நிறைவடைகிறது. கற்ற கல்வியும் கொண்ட நட்பும் அவ்வாறே சேமிக்கப்படுகின்றன.

இந்த விளைச்சல் எல்லோருக்கும் கிட்டுவதில்லை என்பதையும் எங்கள் மண்ணே சொல்லுகிறது. பசுவந்தனையிலிருந்து சில கல் தொலைவில் எட்டயபுரம். அங்கே 1882-இல் பிறந்த பாரதியார் 1921-இல் மறைந்தார். முப்பத்தொன்பது வயது நிறையவில்லை. நடுவயதின் வாயிலைக்கூட அவர் காணவில்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923 செப்டம்பர் மாதம் ஒரு வார இடைவெளியில் இருவர் பிறந்தனர். ஒன்றாக வளர்ந்த நண்பர்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, 1970-இல் நாற்பத்தாறு வயதில் மறைந்தார். அவர் மறைந்த பின்னரே சாகித்திய அகாதமிப் பரிசு அவர் பெயரைத் தேடி வந்தது. மற்றொருவர் கி. ராஜநாராயணன். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். முப்பது வயதைக் கடந்த பிறகே எழுதத் தொடங்கியவர். அவருடைய 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கரிசல் மக்களின் சொற்களைத் திரட்டி அவர் அமைத்த சொல்லகராதி 1982-இல் வந்தது. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார். 2021-இல் தொண்ணூற்றேழு வயதில் மறைந்தார். நாற்பத்தாறோடு அவர் வாழ்வும் முடிந்திருந்தால் 'கோபல்ல கிராமம்' ஏது? அழகிரிசாமிக்கு இன்னும் முப்பது ஆண்டு கிடைத்திருந்தால் நமக்கு என்னென்ன கிடைத்திருக்கும்? முழங்கால் வலிக்கும்போதெல்லாம் நான் இதை எண்ணிக்கொள்கிறேன். வலிப்பதற்கு முழங்கால் இந்த வயது வரை வந்திருக்கிறதே!

நாட்டின் கணக்கும் இதையே காட்டும். 1941 முதல் 1950 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. குழந்தைகள் பெருந்தொகையாக இறந்ததால் அவ்வெண் அத்துணைத் தாழ்ந்தது. முதியோரே இல்லை என்பது அதன் பொருளன்று. எனினும், பிறந்தவர்களுள் பலர் நடுவயதைக் காணாமலே சென்றனர். இன்று அச்சராசரி ஏறத்தாழ 70. தடுப்பூசியும் தூய நீரும் மருத்துவமும் சேர்ந்து நமக்கு அளித்த புதிய செல்வம் இந்த நடுவயது.

'ஆண்டு பலவாகியும் உமக்கு நரை இல்லையே, ஏன்?' என்று சங்க காலத்தில் பிசிராந்தையாரைக் கேட்டனராம். பாண்டிய நாட்டுப் புலவராகிய அவர் மருந்தையும் தைலத்தையும் காரணமாகக் கூறவில்லை. மாண்புள்ள மனைவியையும், அறிவு நிரம்பிய மக்களையும், குறிப்பறிந்த ஏவலரையும், முறை தவறாத அரசனையும், தன் ஊரில் வாழும் சான்றோரையும் காரணமாகக் கூறினார். ஒருவருடைய முதுமை அவர் உடலில் மட்டும் இல்லை. அவரைச் சூழ்ந்து வாழ்பவர் கையிலும் இருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆதலால் மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. இப்போது பெய்யும் மழையை உடலிலும் உள்ளத்திலும் ஆழமாக இறங்க விடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் ஊசியைத் தொலைவில் பிடித்துக்கொண்டு திண்டாடினால், சிரித்துவிட்டுப் போங்கள், தவறில்லை. ஆனால் போகுமுன் நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். முழம் தோண்ட வேண்டிய இடம் எது என்பதை அவர் உங்களுக்குச் சொல்லுவார்.